வளவு வீட்டில் கரண்டையும் கேஸையும் குறைக்க

வீட்டின் கார்பன் கணக்கில் கனமானவை கரண்டும் கேஸும்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ. பிளாஸ்டிக்குக்குப் பதில் மஞ்சப்பை தூக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரைக்குடிப் பக்கத்து வளவு வீடுகளின் (நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள்) கனத்த சுவர் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். அதனால் சித்திரை வெயிலில் ஜன்னலைப் பகல் முழுக்கத் திறந்து போடாதீர்கள். காலை 5 மணிக்கு முகப்பு முதல் பின்கட்டு வரை திறந்துவிட்டு, 9 மணிக்குள் வெயில் படும் பக்கத்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். வெக்கை தணிந்ததும் மறுபடி திறக்கலாம்.

குரங்குக்குப் பயந்து முற்றத்தைப் பாலிகார்பனேட் ஷீட்டால் மூடுவதுதான் பெரிய தப்பு. மேலே ஏறும் சூடு போக வழியில்லாமல் வளவுக்குள்ளேயே தங்கும், பிறகு ஏசி கேட்கும். கம்பி வலை போதும். ஷீட் போட்டாகிவிட்டதா? ஷீட்டைத் தாங்கும் கால்களை உயர்த்தி நாலு பக்கமும் ஒரு அடி இடைவெளி விட்டு, அங்கே வலை அடியுங்கள். சாரல் உள்ளே வராமலிருக்க விளிம்பு ஒன்றரை அடி வெளியே நீளட்டும்.

ஏசி படுக்கும் அறைக்கு மட்டும். 26 டிகிரி வைத்து ஃபேனையும் ஓட விடுங்கள். 75 வாட் பழைய ஃபேனை 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் கொண்டது) மாற்றினால், தினம் 10 மணி நேரத்துக்கு மாதம் 13 யூனிட் மிச்சம்.

அடுப்பில் கேஸைத் தின்பது கவுனி அரிசி, அதாவது கறுப்பரிசி. ஊறவைக்காமல் ஏற்றினால் எத்தனை விசில் விட்டாலும் நடு அரிசி கடுக்கென்று நிற்கும். ஒரு கப் கவுனியைக் கழுவி, மூன்று கப் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரோடே குக்கரில் வையுங்கள். கொட்டினால் நிறமும் போய்விடும். முதல் விசில் வந்ததும் சிம்மில் 20 நிமிடம், பிறகு அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். பிரஷர் வந்தபின் தீயைக் கூட்டினால் உள்ளே சூடு கூடாது, ஆவிதான் விசிலாக வெளியே போகும். தேங்காய், சர்க்கரை சேர்ப்பது அரிசி வெந்த பிறகே.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கிறதென்றால் காற்று போதவில்லை. ஆறிய பித்தளை பர்னரைப் புளிக்கரைசலில் அரை மணி ஊறவைத்து, ஓட்டைகளை ஊசியால் குத்தித் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரம் இருந்தால் தீ படபடக்கும்.