மோனா லிசாவைப் படியெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரையக் கற்பவருக்கு, மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றைப் படியெடுப்பதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன். புதியவர்கள் பலரும் லியொனார்டோவின் மோனா லிசாவையே தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்கக் காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தூரிகையைக் கழுவாமல் விடுவது போன்றவை பழகப் பழகத் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வார்னிஷின் மஞ்சளைத் தோலின் நிறமாகக் கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுவே. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியத்தின்மீது பூசப்பட்ட பழைய வார்னிஷ், காலப்போக்கில் மஞ்சளும் பழுப்புமாக மாறிவிட்டது. அதனூடே பார்க்கும்போது வானத்தின் நீலம் பச்சையாகத் தெரிகிறது, முகத்தின் வெளிச்சமான பகுதிகள் மஞ்சளிக்கின்றன, ஆடையின் மடிப்புகள் இருளில் கலந்துவிடுகின்றன. படியெடுப்பவரோ அந்தப் பழுப்பையும் லியொனார்டோவே கலந்ததாக நம்பி, ஒவ்வொரு கலவையிலும் ரா அம்பர், மஞ்சள் ஓக்கர் என்னும் மண் சார்ந்த பழுப்பு, மஞ்சள் வண்ணங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்.

என்னிடம் பயின்ற ஒருவர் இப்படியே மாதக்கணக்கில் உழைத்தார். கோட்டுருவத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் ஒரே களிமண் நிறமாக இருந்தன. கன்னத்தின் இளஞ்சிவப்புக்கும் கண்ணுக்குக் கீழுள்ள குளிர்ந்த சாம்பல் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதுதான் உருவப்படப் பயிற்சியின் பாதி. அந்தப் பாதி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள படியின் அச்சுப்படத்தை அவர் ஓவியத்தின் அருகே வைத்தேன். அது லியொனார்டோவின் பட்டறையில், மூல ஓவியம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே வரையப்பட்டது. மூலத்தின் அடியில் லியொனார்டோ செய்த திருத்தங்கள் இந்தப் படியின் அடியிலும் இருப்பதை அகச்சிவப்புப் படங்கள் காட்டின. பின்னாளில் யாரோ அதன் பின்னணி முழுவதையும் கறுப்பாகப் பூசிவிட்டார்கள். அந்தக் கறுப்பும் பழைய வார்னிஷும் நீக்கப்பட்டு 2012இல் ஓவியம் பார்வைக்கு வந்தபோது, நீல மலைகளும் சிவந்த சட்டைக் கைகளும் இரத்த ஓட்டமுள்ள முகமும் வெளிப்பட்டன. எனவே வடிவத்துக்கு லூவர் ஓவியத்தையும், நிறத்துக்கு பிராடோ படியையும் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. பிராடோ படியை வரைந்தவரின் கை லியொனார்டோவின் கை அல்ல. நிழல் முகத்தில் கரையும் விதத்தை அதில் கற்க இயலாது.

மேலே பூசிய வார்னிஷைக் கரைத்து எடுக்கலாம். வண்ணத்தோடு குழைத்துவிட்ட பழுப்பை எடுக்க வழியில்லை. அந்த மாணவர் புதிய கேன்வாஸில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பழமையின் சாயல் வேண்டுமென்றே விரும்புபவர், ஓவியத்தைத் தூய நிறங்களில் முடித்து, ஆறு மாதமாவது உலரவிட்டு, அதன்பிறகு சற்றே நிறமேற்றிய வார்னிஷை மேலே பூசிக்கொள்ளலாம்.

நிழலை ஒரே அமர்வில் இழைப்பது

மோனா லிசாவின் முகத்தில் உள்ள ஒளிபுகு பூச்சுகளை எக்ஸ் கதிர் கொண்டு அளந்த ஆய்வு 2010இல் வெளியானது. எல்லா அடுக்குகளும் சேர்ந்தே 30 முதல் 40 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) கனம்தான். ஈர வண்ணங்களை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, நிழல் முகத்தில் கரையும் மென்மையைப் பெற முடியாது. ஓர் அடுக்கு உலர்ந்தபின் அடுத்ததை மெல்லியதாக இட வேண்டும். கீழ் அடுக்குகளில் எண்ணெய் குறைவாகவும் மேலே செல்லச் செல்ல அதிகமாகவும் இருக்கட்டும். மாறினால் மேற்பரப்பு பின்னாளில் வெடிக்கும்.

வெடிப்புகளை வரைவது

வேண்டாம். அவை மூல ஓவியம் வரையப்பட்ட மரப்பலகையும் காலமும் உண்டாக்கியவை.

புன்னகையில் தொடங்குவது

தலையின் பெரிய ஒளி நிழல் பிரிவுகள் அமையும்வரை உதட்டைத் தொடாதீர்கள்.