நூலகத்துலேர்ந்து வாசகர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புறது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

வாட்ஸ்அப் இருக்கும்போது எஸ்எம்எஸ் எதுக்குன்னு கேப்பீங்க. நெட் இல்லாத பட்டன் போனுக்கும் போய் சேரும், ஆப் எதுவும் போட வேணாம், அதான் காரணம்.

ஸ்டெப் 1: எதுக்கெல்லாம் அனுப்பணும்னு முடிவு பண்ணுங்க. ரிசர்வ் பண்ண புத்தகம் வந்தாச்சு, திருப்பித் தர்ற தேதி நெருங்குது, தேதி தாண்டிடுச்சு, ஆரம்பத்துல இந்த மூணு போதும். விழா அழைப்பெல்லாம் இதுல கலந்தா ஆளுங்க மெசேஜ தொறக்கவே மாட்டாங்க.

ஸ்டெப் 2: சம்மதம் வாங்குங்க. மெம்பர்ஷிப் ஃபார்ம்ல "எஸ்எம்எஸ் வேணுமா"ன்னு ஒரு கட்டம். வேணாம்னு தோணினா நிறுத்துறதுக்கும் ஒரு வழி இருக்கணும்.

ஸ்டெப் 3: சாஃப்ட்வேர். கோஹா (நூலக வேலைக்கான இலவச சாஃப்ட்வேர்) வச்சிருந்தீங்கன்னா செட்டிங்ஸ்ல "எஸ்எம்எஸ் செண்ட் டிரைவர்"னு ஒண்ணு இருக்கும், உங்களுக்காக மெசேஜ அனுப்பிக் குடுக்கிற எஸ்எம்எஸ் கம்பெனிக்கு ஏத்த டிரைவர் (கோஹாவ அந்த கம்பெனியோட இணைக்கிற சின்ன ப்ரோக்ராம்) பேர அதுல போட்டாதான் மெம்பரோட மெசேஜ் விருப்பங்கள்ல எஸ்எம்எஸ் டிக் பண்ற இடமே வரும். நோட்டீஸ் எல்லாம் முதல்ல க்யூல போய் உக்காரும், அத வெளிய அனுப்புறது ஒரு க்ரான் ஜாப், அதாவது சர்வர்ல குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற வேலை. அது ஓடலன்னா எல்லாம் பெண்டிங்லயே கெடக்கும், நீங்க எஸ்எம்எஸ் கம்பெனிய திட்டிட்டு இருப்பீங்க.

ஸ்டெப் 4: நீளம். இங்கதான் காசு போற இடம், கொஞ்சம் நிதானமா படிங்க. இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான். அதுலயும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா கணக்கு, "புத்தகம்" பாக்க 5 எழுத்து, ஆனா எண்ணிக்கை 8. 70 தாண்டினா மெசேஜ் துண்டாகும், ஒவ்வொரு துண்டுலயும் 67தான் புடிக்கும், துண்டுக்கு ஒரு சார்ஜ். அதனால இப்படி எழுதுங்க:

"எடுத்த புத்தகம் 12ம் தேதி திருப்பித் தரணும். - நூலகம்"

இது 53. மிச்சம் இருக்கிற 17ல உங்க நூலகத்தோட பேர சுருக்கி போட்டுடுங்க, யார் அனுப்புனாங்கன்னு தெரியலன்னா மோசடி மெசேஜ்னு நெனச்சு அழிச்சிடுவாங்க. புத்தகத்தோட தலைப்ப மட்டும் போடாதீங்க ப்ளீஸ். லாக் ஸ்க்ரீன்ல அது பளிச்சுனு தெரியும், ஒருத்தர் விவாகரத்து பத்தியோ ஏதோ ஒரு நோய் பத்தியோ படிக்கிறது வீட்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியணும்னு அவசியமில்ல.

ஸ்டெப் 5: பதில் வருமா? அனுப்புற இடத்துல நம்பருக்கு பதிலா எழுத்துல பேர் வந்தா வாசகரால ரிப்ளை பண்ண முடியாது. மெசேஜ்லயே கேள்வி கேக்கட்டும், புத்தகத்த நீட்டிக்கட்டும்னு நெனச்சீங்கன்னா தனியா ஒரு நம்பர் எடுக்கணும், அத பாக்க ஒரு ஆளும் வேணும். மூடின நேரத்துல வர்ற கேள்விக்கு "காலைல பதில் தர்றோம்"னு ஆட்டோ ரிப்ளை வச்சிடுங்க.

ஸ்டெப் 6: முதல்ல ஸ்டாஃப் போனுக்கு மட்டும் அனுப்பி பாருங்க, பழைய பட்டன் போன் ஒண்ணும் சேத்துக்கோங்க, சிலதுல தமிழ் வெறும் கட்டம் கட்டமா வரும். அப்பறம் டெலிவரி ரிப்போர்ட்ல ஃபெயில் ஆன நம்பர்கள வாரத்துக்கு ஒரு தடவ எடுத்து வைங்க, அந்த மெம்பர் கவுன்டருக்கு வரும்போது புது நம்பர கேட்டு மாத்திடலாம்.