நித்திரைக்கும் நாரிநோவுக்கும் பிரஷருக்கும் வீட்டுப் பயிற்சி: அளவோடு செய்வது எப்படி

மூச்சுப் பயிற்சியும் தியானமும் நல்லவை என்று திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எத்தனை நிமிடம், எத்தனை கிழமை என்று கேட்டால் பதில் வராது. ஆய்வுகளில் பலன் தந்தவை குளிசை போல அளவு குறித்துச் செய்யப்பட்டவை. ஒரு வருத்தத்துக்கு ஒரு பயிற்சியை எடுத்து, கொப்பியில் பதிந்து, எட்டுக் கிழமை செய்யுங்கள். நாலைந்தை ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது என்றே தெரியாது.

நித்திரை வராதவர்களுக்கு

உறுதியான சான்று இருப்பது இதற்குத்தான். நாட்பட்ட நித்திரையின்மைக்குக் குளிசைக்கு முன்னர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது நித்திரை பற்றிய நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சையைக் கொடுக்கச் சொல்கிறது, அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2016 வழிகாட்டல். அதில் நன்றாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று, பலரும் நினைப்பதுபோல மனதை அடக்குவது அல்ல, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது.

முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றாமல், படுத்த நேரம், எழும்பிய நேரம், உண்மையில் உறங்கிய நேரம் மூன்றையும் காலையில் உத்தேசமாக எழுதுங்கள். இரவில் மணிக்கூடு பார்க்க வேண்டாம். ஒருவர் 9.30க்குப் படுத்து 5.30க்கு எழும்புகிறார், சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் உறங்குகிறார் என்று வைப்போம். எட்டு மணி நேரத்தில் அது 69 வீதம். இனி அவர் நள்ளிரவு 12க்குத்தான் படுக்க வேண்டும், 5.30க்குக் கட்டாயம் எழும்ப வேண்டும். எவ்வளவு குறைவாக உறங்கினாலும் படுக்கையில் கிடக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. ஒரு கிழமைச் சராசரி 85 வீதத்தைத் தாண்டினால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். தாண்டாவிட்டால் அதே நேரத்தில் நில்லுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சுபஹுக்கு எழும்புவோர் அதையே எழும்பும் நேரமாக வைக்கலாம். தொழுதுவிட்டு மறுபடி சரிவதுதான் கணக்கைக் குழப்பும். ஞாயிற்றுக்கிழமை பிந்தி எழும்புவதும் பகல் தூக்கமும் அப்படித்தான்.

படுத்து ஏறத்தாழ 20 நிமிடமாகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் கதிரையில் இருங்கள், கண் சொருகிய பின் திரும்புங்கள். ஒற்றை அறை வீடென்றால் பாயைச் சுருட்டி வைத்து, படுக்கும் நேரத்துக்கு மட்டும் விரியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கைக்கு விறாந்தையில் பாய் போட்டுப் போன் பார்த்துக்கொண்டு கிடப்பதும் படுக்கையில் விழித்திருப்பதுதான். விறாந்தைக்கும் கதிரையையே கொண்டுபோங்கள்.

படுக்கை நேரத்தைக் குறைத்த முதல் இரண்டு கிழமை பகலில் தூங்கி விழும். பெரும்பாலானோர் கைவிடுவது இங்கேதான். ஓட்டோ, பஸ் ஓட்டுபவர்களும் இரவில் கடலுக்குப் போகிறவர்களும், வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

நாரிநோ

2016இல் அமெரிக்காவில் நாட்பட்ட நாரிநோவுள்ள 342 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், எட்டுக் கிழமை விழிப்புணர்வுத் தியான வகுப்புக்குப் போய் வீட்டிலும் பயின்றவர்களில் 60.5 வீதமானோரின் அன்றாட அலுவல்கள் 26ஆம் கிழமையில் குறிப்பிடத்தக்க அளவு இலகுவாகின. வழமையான வைத்தியம் மட்டும் பெற்றவர்களிலும் 44.1 வீதமானோருக்கு அப்படியே. ஆகவே நூறு பேரில் பதினாறு பேர் அளவில்தான் கூடுதல் பலன். சிறிதல்ல, அற்புதமும் அல்ல.

வீட்டில் தனியே தொடங்குவதற்கு, எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய தசைத் தளர்த்தல் இலகு. கை, தோள், முகம், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றையும் 5 விநாடி இறுக்கி, 20 விநாடி விடுங்கள். முழுப் பலத்தில் பாதி போதும். கெண்டைக்காலுக்குக் கால்விரலை உடம்பை நோக்கி இழுங்கள், எதிர்ப்பக்கம் நீட்டினால் குரக்கை பிடிக்கும். மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் ஏறும்.

கால் பலவீனம், உட்காரும்போது நிலத்தில் படும் பகுதியில் விறைப்பு, சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு நோ இருந்தால் பயிற்சி அல்ல, உடனே ஆஸ்பத்திரி.

பிரஷர்

4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, நாளுக்கு 15 நிமிடம். மெதுவாக என்றால் நிறைய இழுப்பது அல்ல. பெரிதாக இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலைசுற்றும், விரல் நுனி விறைக்கும். காலையில் குளிசைக்கு முன், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு தரம் அளந்து எழுதுங்கள். இறக்கம் சிறிதாகத்தான் இருக்கும். கிளினிக்குக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள், குளிசையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

போரையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. கண்ணை மூடி உடம்பைத் தளர்த்தும்போது சிலருக்குப் பழைய காட்சிகளும் படபடப்பும் கிளம்பும். அது பயிற்சி பலிக்கும் அறிகுறி அல்ல, பல்லைக் கடித்துத் தொடரவும் வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதத்தை நிலத்தில் ஊன்றி, பயிற்சியை நிறுத்துங்கள். மறுமுறை கண் திறந்தபடி கதிரையில் இருந்து இரண்டு மூன்று நிமிடம் மட்டும் செய்து பாருங்கள். அப்போதும் வந்தால் மனநல கிளினிக்கில் சொல்லுங்கள், இரவானால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுக்கலாம்.