முகவரி தெரிந்தும் சிஆர்சி பொருந்தாத புளூடூத் பாக்கெட்

வீட்டு வெப்பநிலை சென்சார் புளூடூத் லோ எனர்ஜியில் அனுப்புவதை ஹேக்ஆர்எஃப் என்ற மென்பொருள்வழி ரேடியோ கருவி கொண்டு நேரடியாகப் படிக்க ஆசை. மலிவான ஆர்டிஎல் டாங்கிள் (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்) இதற்கு உதவாது, 2.4 கிகாஹெர்ட்ஸை அது எட்டாது.

கருவிகள் தம்மை அறிவிக்கும் விளம்பர சானல்கள் மூன்றே: 37, 38, 39. அதாவது 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். 37-இல் பிடித்ததும் பாக்கெட்டை அடையாளம் காட்டும் 32 பிட் அணுகல் முகவரி பளிச்சென்று தெரிந்தது. அதன் பின் வந்ததெல்லாம் குப்பை. சிஆர்சி (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

இந்த அறிகுறியே பெரிய துப்பு. ரேடியோ பக்கம் கெட்டிருந்தால் முகவரியே கிடைத்திருக்காது. முகவரிக்கு வைட்டனிங் (பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் முறை) கிடையாது. அதற்குப் பின்வரும் தரவும் சிஆர்சியும் 7 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் தரும் வரிசையோடு எக்ஸ்ஓஆர் (வரிசையில் 1 உள்ள இடத்தில் பிட்டைப் புரட்டும் கணக்கு) ஆகித்தான் காற்றில் போகின்றன. தொடக்க மதிப்பு சானலுக்குச் சானல் மாறும்: முதல் இடத்தில் 1, அடுத்து சானல் எண்ணின் 6 பிட்டுகள், உயர் பிட் முதலில். கையிலிருந்த ஸ்கிரிப்டில் 38-க்கான மதிப்பு நிலையாகப் பதிந்திருந்தது. 37-க்கு மாற்றியதும் வெப்பநிலை ஓடி வந்தது!

அப்போதும் சில பாக்கெட்டுகள் தவறின. அலைவரிசையின் நடுவில் எழும் டிசி முள்தான் (ரிசீவரே உண்டாக்கும் போலி சிக்னல்) காரணம். ட்யூனரை 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்து, மென்பொருளில் திரும்ப நகர்த்தியதும் அதுவும் தீர்ந்தது.