சீசனுக்கு பேக்கரிக்கு ஆள் எடுப்பது எப்படி? குன்னூர்க்காரரின் செய்முறை

எங்கள் தாத்தாவைக் கங்காணி முன்பணம் கொடுத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். அப்பா பேக்கரி வைத்த காலத்தில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொல்லிவைத்தால் போதும், மறுநாள் காலை ஒருத்தர் பையோடு வந்து நிற்பார். இப்போது அந்த டீக்கடைக்கே ஆள் கிடைப்பதில்லை. எல்லாம் போன் வழியாகத்தான். முதன்முறை ஆள் தேடுகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. எத்தனை பேர் என்று கணக்குப் போடுங்கள்

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வெளியூர் வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. ஆக, கூட்டம் வாரக் கடைசியில்தான் ஏறும். அதற்காக மாதச் சம்பளத்துக்கு நாலு பேரைப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஈ ஓட்ட வேண்டாம். ஒரு மாஸ்டர், ஒரு உதவி ஆள், கவுன்ட்டருக்கு ஒருவர். சனி ஞாயிறுக்கு மட்டும் கல்லூரிப் பிள்ளைகள் இருவர். நாள் கணக்கில் வேலைக்கு வர இப்போது அவர்களே தயார்.

2. விளம்பரத்தில் சம்பளத்தையும் அறையையும் போடுங்கள்

'தகுதிக்கேற்ற சம்பளம்' என்று எழுதினால் இளவட்டங்கள் அடுத்த விளம்பரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். தொகையை எழுதுங்கள். வேலை நேரம், வார விடுப்பு, சாப்பாடு உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பெண்கள் மட்டும்', 'ஆண்கள் மட்டும்' என்று போடாதீர்கள். ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே அன்றைய சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது.

அறையின் போட்டோவும் முக்கியம். கோவையிலிருந்து வந்த ஒரு மாஸ்டர் மூன்றாம் நாள் விடியற்காலை சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ் ஏறிவிட்டார். குற்றம் என்னுடையது. குளிர் பற்றியோ, வெந்நீருக்கு ஹீட்டர் இல்லாதது பற்றியோ நான் வாயே திறக்கவில்லை.

3. எழுத்தைப் படித்து மயங்காதீர்கள்

சாட்ஜிபிடி வந்த பிறகு கவுன்ட்டர் வேலைக்குக்கூட வக்கீல் நோட்டீஸ் மாதிரி விண்ணப்பம் வருகிறது. பத்தும் ஒரே அச்சு. நான் இப்போது வாட்ஸ்ஆப்பில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் கேட்கிறேன்: 'நேற்று வாங்கிய வர்க்கி நமத்துப்போச்சு என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். என்ன சொல்வீர்கள்?' பதில் சரியா தப்பா என்பதைவிடக் குரலில் பொறுமை இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. மாஸ்டரின் கையைப் பாருங்கள்

சான்றிதழ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பெரிய நிறுவனங்களே இப்போது பட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் செய்துகாட்டச் சொல்கின்றன. முதலில் மாவை மடித்துத் தேய்க்கும் வீடியோ வாங்குங்கள். பிடித்திருந்தால் ஒரு நாள் வேலைக்குக் கூப்பிடுங்கள். அன்றைக்குக் கூலி உண்டு, பஸ் காசும் உண்டு. சும்மா வேலை வாங்குவது சோதனை இல்லை, சுரண்டல்.

அந்த ஒரு நாளில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். நம் குளிரில் மாவு மெதுவாகத்தான் புளிக்கும். கீழே பழகிய கை கடிகாரத்தைப் பார்க்கும். தேறுகிற ஆள் மாவைத் தொட்டுப் பார்ப்பார். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வாங்க வருகிறவர்களும் அடுக்கை எண்ணாத குறையாகப் பார்க்கிறார்கள், விட்டுக்கொடுக்க முடியாது.

5. காகிதம்

ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் நகல் போதும். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்காதீர்கள். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதும் வேண்டாம், அது கங்காணி வேலை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. கடை சிறிசுதானே என்று தட்டிக்கழிக்காமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பத்துப் பேரைத் தொட்டால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டையும் பார்க்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள்.

6. வேண்டாதவர்களுக்கும் பதில் அனுப்புங்கள்

ஒரு வரி போதும். இப்படி நான் வேண்டாமென்ற ஒரு தம்பி அடுத்த மே மாதம் தன் அக்காவின் நம்பரை அனுப்பிவைத்தார். இன்றைக்குக் கல்லாப்பெட்டிச் சாவி அந்த அக்காவிடம்தான் இருக்கிறது.