பழைய சைக்கிள் சட்டத்திற்கு வீட்டிலேயே வண்ணம் பூசுதல்

பழைய இரும்புச் சைக்கிளின் சட்டத்திற்குப் புதிதாக வண்ணம் பூசும்போது, அது நிலைப்பதும் உரிவதும் பெரும்பாலும் அடித்தளத்தைப் பொறுத்தே அமைகின்றன. 80 எண் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை துருவைத் தேய்த்து, 240 எண் தாளால் கீறல்களை மட்டுப்படுத்திய பிறகு, தின்னரில் நனைத்த தூய துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் வெறும் கை பட்டால், விரலின் எண்ணெய்ப் பசை அந்த இடத்தில் பிரைமரை (வண்ணத்திற்கு முன் பூசும் முதற்பூச்சு) சரியாகப் பிடிக்கவிடாது. பெடல் அச்சு செல்லும் குழாயின் மரைகளையும் இருக்கைக் குழாயின் வாயையும் மறக்காமல் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். மரையில் வண்ணம் உறைந்துவிட்டால் மீண்டும் பூட்டுவது பெரும்பாடு.

ஈரக்காற்றில் வெற்று இரும்பு விரைவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், துடைத்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசுவது நல்லது. காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து, ஸ்பிரே டப்பாவை ஏறத்தாழ 25 செ.மீ. தொலைவில் பிடித்து, ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் மெல்லிய மூன்று பூச்சுகளாக அடித்தால் வண்ணம் வழியாது. எனாமல் பூச்சின் மேல் என்.சி. லாக்கர் (விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) அடிக்கவே வேண்டாம். அதன் வீரியமான தின்னர் அடியிலுள்ள எனாமலைச் சுருங்கச் செய்துவிடும். தொட்டுப் பார்க்கையில் காய்ந்ததாகத் தோன்றினாலும், ஒரு வாரம் பொறுத்த பிறகே பாகங்களைப் பூட்டுங்கள்.