பாம்பேயின் சுவர்ப்பூச்சு: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரங்களான பாம்பேய், ஹெர்குலேனியம் ஆகியவற்றின் வீடுகளில் எஞ்சியுள்ள வண்ணச் சுவர்ப்பூச்சையும் சுதை வேலைப்பாட்டையும் ஆராயும்போது நேரும் தவறுகள் பலவற்றுக்கு வேர் ஒன்றே. இன்று கருவி காட்டும் பொருளை, அன்று கைவினைஞர் பூசிய பொருளாகவே எடுத்துக்கொள்கிறோம்.

சிவப்புச் சுவர்கள் இதற்குத் தலையாய சான்று. மஞ்சள் காவியிலுள்ள கோதைட் என்னும் இரும்புக் கனிமம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீரை இழந்து, செங்காவிக்கு நிறம் தரும் ஹேமடைட்டாக மாறிவிடுகிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது எழுந்த வெப்பத்தால் பாம்பேயின் மஞ்சள் சுவர்கள் சில இவ்வாறே சிவந்தன. தனிமங்களை இனங்காணும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இரு காவிகளிலும் இரும்பையே காட்டும். லேசர் ஒளியின் சிதறலைக்கொண்டு கனிமங்களை இனங்காணும் ராமன் நிறமாலை ஹேமடைட்டைத் திட்டமாக அடையாளம் கண்டாலும், அது தொடக்கத்திலேயே பூசப்பட்டதா, வெப்பத்தில் உருவானதா என்பதை அந்த ஒரு முடிவைக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது. ஒரே சுவரில் பல இடங்களில் அளந்து, மஞ்சள் திட்டுகள் எஞ்சியுள்ளனவா என்றும், நிறம் மாறும் எல்லை ஓவியத்தின் கட்டங்களை ஒட்டிச் செல்கிறதா, அவற்றைக் குறுக்கே கடந்து பரவுகிறதா என்றும் பார்க்க வேண்டும். என் கருத்தில், எந்த விலையுயர்ந்த கருவியைவிடவும் இந்தப் பொறுமையே இங்கு முதன்மையானது. கருமைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: வெயில் படும் இடத்தில் சாதிலிங்கம் என்னும் சிவப்புப் பாதரசக் கனிமம் கறுத்துவிடும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் அன்றே எழுதியிருக்கிறார்.

மெழுகு கிடைத்தவுடன் ரோமானியர் மெழுகு கலந்து தீட்டினர் என்று முடிவுகட்டுவதும் தவறு. 18ஆம் நூற்றாண்டில் அகழ்வு தொடங்கிய பின், ஓவியங்களைக் காக்கவென்று மெருகெண்ணெயும் மெழுகும் பலமுறை பூசப்பட்டன. ஆனால் சாதிலிங்கச் சுவருக்கு மெழுகுக் காப்பிடும் முறையை விட்ருவியஸும் கூறுவதால், எல்லாவற்றையும் பிற்காலத்தது என்று தள்ளவும் இயலாது. பழுதுபார்ப்புப் பதிவேடுகளை ஆய்வு முடிவுகளோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

சுதையில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) தென்பட்டால், அது கலவையின் உட்புறம் வரை உள்ளதா, மேற்பரப்பில் மட்டுமா என்று குறுக்குவெட்டில் காண வேண்டும். மாசுக் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு சுண்ணத்தைத் தாக்கினாலும் மேற்பரப்பில் ஜிப்சம் உண்டாகும்.

மணற்சாந்து மூன்று, பளிங்குப்பொடிச் சாந்து மூன்று என்ற விட்ருவியஸின் அடுக்குக் கணக்கைச் சுவரில் தேடி, குறைந்தால் மட்டமான வேலை என்பதும் பொருந்தாது. பல வீடுகளில் அடுக்குகள் அதைவிடக் குறைவே.

தேவையின்றி மாதிரி சுரண்டுவதும் தவறு. எகிப்திய நீலம் என்னும் பண்டைய நிறமியின் மீது கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பாய்ச்சினால், அது 910 நானோமீட்டர் அளவில் அகச்சிவப்பு ஒளியை உமிழும். தக்க வடிகட்டி பொருத்திய ஒளிப்படக் கருவி, சுவரைத் தொடாமலேயே அதைப் பதிவுசெய்துவிடும்.